ஒயின் ஊர் மாதிரி ஒரு பனை ஊர்: உடன்குடி, மணப்பாடு பக்கம் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஐரோப்பாவிலிருந்து பையர் வருவார். சாம்பிள் ஓகே ஆகி, டெலிவரி தேதி முடிவாகி, சாப்பிட உட்கார்ந்ததும் சொந்த ஊர்ப் பேச்சு ஆரம்பிக்கும். போனை எடுத்துப் படம் காட்டுவார். ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், இன்னொரு பக்கம் பாறையில் மோதி உடையும் கடல். "லீவு விட்டா நாங்க இங்கதான் போவோம்" என்பார்.

ஸாரா பிராண்டை நடத்தும் இன்டிடெக்ஸ் நிறுவனத்தின் தலைமையகமே அப்படிப்பட்ட ஒரு பகுதியில்தான் இருக்கிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியா. அங்கே அட்லாண்டிக் கடலோரத்தில் ஒரு பகுதிக்கு 'மரணக் கடற்கரை' என்றே பெயர். அத்தனை கப்பல்கள் அங்கே பாறையில் மோதி உடைந்திருக்கின்றன. அதற்குத் தெற்கே கருங்கல் தூண் நட்டு, பந்தல் போட்டு, அல்பரீனோ என்ற வெள்ளைத் திராட்சையை வளர்க்கிறார்கள். அந்த ஒயினைக் குடிக்கவும், அது வரும் தோட்டத்தைப் பார்க்கவும் வெளியூர்க்காரர்கள் தேடிப் போகிறார்கள்.

பையரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு கேள்வி வரும். நம்ம பக்கம் இந்த மாதிரி ஊர் எதுவும் இல்லையா?

இருக்கிறது. ஆனால் அங்கே கொடி கிடையாது, மரம். பழம் கிடையாது, பாளை. அதிலிருந்து வரும் மதுவுக்குத் தமிழ்நாட்டில் தடை. தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடும், உடன்குடியும், மணப்பாடு கடற்கரையும் சேர்ந்த பனை நாடு அது.

முதலில், கம்பம் ஞாபகம் வரவில்லையா?

வரும். திராட்சை என்றதும் திருப்பூர்க்காரர்களுக்குத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி பக்கம் போனால் கல்தூண் நட்டுப் பந்தல் போட்ட தோட்டங்களைப் பார்க்கலாம். இங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது இந்தப் பள்ளத்தாக்கின் சிறப்பு. ஐரோப்பாவில் வருடத்துக்கு ஓர் அறுவடைதான்.

ஆனால் கம்பம் திராட்சை பெரும்பாலும் பழமாகவே விற்கிறது. ஒயின் என்பது அங்கே பக்கத் தொழில்தான். கடலும் அங்கே கிடையாது.

ஒரு பகுதியை 'ஒயின் ஊர்' என்று சொல்லவைப்பது திராட்சை மட்டும் இல்லை. அந்த மண்ணுக்கென்று ஒரு சுவை, அதற்கென்று ஒரு பருவம், தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு வேலைத்திறன், அந்த ஊர்ப் பெயரிலேயே விற்கும் ஒரு சரக்கு. இந்த நாலும் ஒரே இடத்தில், கடலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பது திருச்செந்தூருக்குத் தெற்கேதான்.

தேரி என்றால் என்ன?

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி சுற்றுவட்டாரத்தில் திடீரென்று மண் சிவப்பாக மாறும். செம்மண் நிலம் இல்லை, செம்மணல். மேடும் பள்ளமுமாக, கால் வைத்தால் புதையும் மணல் குன்றுகள். இதைத்தான் தேரி என்கிறார்கள். காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் இது. ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பு ஆக்ஸைடு படிந்திருப்பதால் இந்தச் சிவப்பு. குதிரைமொழி தேரி, சாத்தான்குளம் தேரி என்று பெயர்கள் உண்டு.

இது பழைய நிலமும்கூட. தேரிகளில் கிடைத்த கல் ஆயுதங்களைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் 1956ல் எழுதியது இன்றும் தொல்லியல் மாணவர்கள் படிக்கும் ஆய்வு. சின்னச் சின்னக் கல்சில்லுகளைக் கருவியாக்கி வாழ்ந்த மனிதர்கள், இரும்புக் காலத்துக்கு முன்பே இந்த மணலில் நடமாடியிருக்கிறார்கள்.

மழை விழுந்தால் மணல் உறிஞ்சிக்கொள்ளும். மேலே நெல் போட முடியாது. ஆனால் அடியில் இறங்கிய தண்ணீர் பள்ளமான இடத்தில் சுனையாக வெளியே வரும். தேரிக்கு நடுவே இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் அந்த அதிசயத்தைப் பார்க்கலாம். சுற்றிலும் சுட்டெரிக்கும் செம்மணல், நடுவில் மரநிழலும் சுனைநீரும். பங்குனி உத்திரத்துக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும்.

இந்த மணலில் தானாக நின்று பிழைக்கும் மரம் பனை. வேர் மணலைப் பிடித்து வைக்கிறது. புயல் அடித்தாலும் சாய்வது அபூர்வம். 1978ல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பட்டதும் இதுதான். ஆனால் பொறுமை வேண்டும். விதை போட்டுப் பதினைந்து வருடம் போல ஆன பிறகுதான் பதநீர் எடுக்கலாம். 'தென்னையை வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வெச்சவன் பார்த்துட்டுச் சாவான்' என்று பழமொழியே இருக்கிறது.

ஒரு கை சுண்ணாம்புதான் வித்தியாசம்

பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. தென் மாவட்டங்களில் ஆண் மரத்தை அலகுப் பனை என்றும், பெண் மரத்தைப் பருவப் பனை என்றும் சொல்வார்கள். இரண்டிலுமே பதநீர் எடுக்கலாம்.

மரத்தில் பாளை விட்டதும் பனையேறி அதைக் கட்டி, கடிப்பு என்ற மரக்கருவியால் பதமாக நசுக்கிவிடுவார். சில நாட்கள் அப்படிப் பக்குவப்படுத்திய பிறகு, பாளை அரிவாளால் நுனியை மெல்லிசாகச் சீவி, கீழே மண்கலயத்தைக் கட்டுவார். சொட்டுச் சொட்டாக வடியும். ஒவ்வொரு நாளும் ஏறிச் சீவிவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் வெட்டு காய்ந்து, வடிவது குறைந்துவிடும்.

இங்கேதான் முக்கியமான விஷயம். பாளையிலிருந்து வரும்போது அது வெறும் இனிப்பு நீர். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே அந்தச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்துவிடும். சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். அதுதான் கள். திராட்சைச் சாறு ஒயினாக மாறுவதும் இதே வேதியியல்தான்.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி வைத்தால் ஈஸ்ட்டால் வேலை செய்ய முடியாது. இனிப்பு அப்படியே இருக்கும். அதுதான் பதநீர். ஊர்ப் பேச்சில் பதனி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். சுண்ணாம்பு தடவினால் தொழில். தடவாவிட்டால் குற்றம்.

ஒயினுக்கும் கள்ளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஒயின் பாட்டிலில் பல வருடம் இருக்கும், கப்பலேறிப் போகும். கள் காலையில் இறக்கினால் சாயந்தரத்துக்குள் புளித்து ஏறிவிடும், மறுநாள் காடிதான். பதநீரும் வெயிலில் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் கலீசியாவின் அல்பரீனோவைத் திருப்பூரில் உட்கார்ந்தே ருசி பார்க்கலாம். உடன்குடிப் பதநீரை அப்படி முடியாது, மரத்தடிக்குத்தான் போக வேண்டும். சுற்றுலா என்று யோசித்தால் இதைவிடப் பெரிய காரணம் எந்த ஊருக்கும் கிடைக்காது.

கள்ளுக்கு ஏன் தடை?

1971ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகள் வந்தன. சில வருடங்களிலேயே மூடப்பட்டன. 1981ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் மீண்டும் தடை வந்தது. அதற்குப் பிறகு ஆட்சிகள் மாறின, கள்ளுக்கான தடை மாறவில்லை. இதற்கிடையே 1983ல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003ல் மாநிலம் முழுக்கச் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது.

அதனால் இன்றைய நிலை இது. 42.8 சதவீத ஆல்கஹால் உள்ள பிராந்தியை அரசுக் கடையில் பில் போட்டு வாங்கலாம். சுமார் 4, 5 சதவீதம் ஆல்கஹால் உள்ள கள்ளைச் சொந்த மரத்தில் இறக்கினால் வழக்கு.

தடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் கலப்படம். கள்ளில் போதை ஏற்ற ரசாயனம் கலந்து விற்ற சம்பவங்கள் உண்டு. லட்சக்கணக்கான மரங்களுக்குக் கீழே நடக்கும் வியாபாரத்தைக் கண்காணிப்பது கஷ்டம். குடியால் நொந்துபோன குடும்பங்கள் 'இன்னொரு கடையா?' என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

எதிர்வாதம் கொங்கு மண்டலத்திலிருந்து பலமாக வருகிறது. தமிழ்நாடு கள் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் செ.நல்லசாமி, கள் உணவுதான் என்று பல வருடங்களாகப் போராடி வருகிறார். 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான், இதே கடற்கரையில் உள்ள பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கும் போராட்டத்தை நடத்தினார்.

நடுவே ஒரு சின்ன வழியும் திறந்தது. தென்னையிலிருந்து எடுக்கும், புளிக்காத நீராவுக்கு 2017ல் தமிழ்நாடு அரசு அனுமதி கொடுத்தது. திருப்பூர் மாவட்டத்தின் உடுமலை, மடத்துக்குளம் பக்கத் தென்னை விவசாயிகளுக்கு இது தெரிந்த கதை.

மற்ற ஊர்களில் எப்படி?

கேரளத்தில் கள்ளுக்கடைக்கு லைசென்ஸ் உண்டு. 'ஷாப்பு' என்றால் கள் மட்டும் கிடையாது. கப்பைக் கிழங்கு, மீன் கறி, வாத்து வறுவல் என்று சாப்பாட்டுக்காகவே குடும்பத்தோடு போகும் கடைகள் இருக்கின்றன. கள் இறக்கும் தொழிலாளர்களுக்கான நல நிதிச் சட்டம் அங்கே 1969லேயே வந்துவிட்டது.

இலங்கையில், யாழ்ப்பாணத் தமிழர்களுக்குப் பனைதான் ஊரின் அடையாளம். அங்கே பனை அபிவிருத்திச் சபை 1978ல் அமைக்கப்பட்டது. தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கள் விற்கிறது. வடமராட்சிக் கடலோரம் பக்கமுள்ள திக்கத்தில் பனஞ்சாராயம் காய்ச்சும் வடிசாலை இருக்கிறது.

அங்கேயும் பிரச்சினைகள் இல்லாமல் இல்லை. மரம் ஏற ஆள் கிடைக்காதது அங்கேயும் பெரிய கவலை. ஆனால் அந்த இடங்களில் ஏறுபவருக்குச் சட்டப்படி ஒரு வேலை, ஒரு சங்கம், ஒரு விலை என்று இருக்கிறது.

மரம் ஏறுவது யார்?

பனையேறியின் வேலையைத் திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பீஸ் ரேட். எத்தனை மரம் ஏறுகிறாரோ, எவ்வளவு வடிகிறதோ, அதுதான் கூலி. மழை பெய்தால் வருமானம் இல்லை. ஆறேழு மாதப் பருவம் முடிந்தால் மறுபடி பாளை விடும் வரை வேறு வேலை பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 30 மரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மொத்தம் 900 மீட்டர் ஏற்றம். துபாயின் புர்ஜ் கலீஃபாவின் உயரமே 828 மீட்டர்தான். லிப்ட் இல்லாமல், காலில் தளைநார் மட்டும் போட்டுக்கொண்டு, தினமும் அதைவிட அதிக உயரம் ஏறி இறங்குகிறார் ஒரு மனிதர். இதில் கை வழுக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பனைமரத் தொழிலாளர்களுக்கு அரசு நல வாரியம் இருக்கிறது. ஆனால் விழுந்து முதுகு ஒடிந்தவரின் வீட்டுக்கு எந்த உதவித்தொகையும் பழைய வருமானத்தைத் திருப்பித் தராது.

இந்த வேலையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க எந்த அப்பாவும் ஆசைப்படுவதில்லை. தெற்கத்திப் பிள்ளைகள் வேறு வழி தேடினார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, மதுரை, தேனி என்று தென் மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறியவர்களில் பலர் வந்து இறங்கியது திருப்பூரில். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினிலும், கட்டிங் டேபிளிலும், செக்கிங்கிலும் வேலை. வாரம் முடிந்தால் சம்பளம், தலைக்கு மேலே கூரை, விழுந்து சாகும் பயம் இல்லை. அவர்கள் எடுத்த முடிவை யாரும் தப்பு சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் பனை சுமார் 5 கோடி என்பது பல வருடங்களாகச் சொல்லப்படும் கணக்கு. ஏற ஆள் இருக்கும் மரங்கள் அதில் சின்னப் பங்குதான். 2021ல் தாக்கல் செய்யப்பட்ட மாநிலத்தின் முதல் வேளாண் பட்ஜெட், 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கப்படும் என்றும், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அன்றைக்கு ஊன்றிய விதை பதநீர் கொடுக்க 2035 தாண்டும். அப்போது ஏறப்போவது யார் என்பதுதான் தேரிக்காட்டின் உண்மையான பிரச்சினை.

உடன்குடி என்றால் ஏன் கருப்பட்டி?

பதநீரை மரத்தடியிலேயே குடிக்காவிட்டால், அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். தோட்டத்துக்குள் ஓலை வேய்ந்த சின்னக் கொட்டகை இருக்கும். அதற்கு விடிலி என்று பெயர். பெரிய பாத்திரத்தில் பதநீரை ஊற்றிப் பல மணி நேரம் காய்ச்சிக் கிண்டுவது பெரும்பாலும் பெண்கள். ஏறுபவரைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அடுப்புப் புகையில் நிற்கும் இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சுக்கு, ஏலம் சேர்த்துச் சின்னதாக எடுத்தால் சில்லுக்கருப்பட்டி.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் ஒயின் பாட்டிலில் ஊர்ப் பெயர் போடுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே யோசனைதான்: இந்த மண்ணில் விளைந்தால் மட்டுமே இந்தப் பெயர்.

இந்தப் பெயருக்கு வயது அதிகம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் கருப்பட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஓடியது. அதற்காகத் திசையன்விளை வரைக்கும் ஒரு குட்டி ரயில் பாதையே போட்டிருந்தார்கள். 1940 வாக்கில் அந்த ரயில் நின்றுபோனது.

இப்போது அதே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியதில்லை என்பது காரணம். சில வருடங்களில் இந்தப் பகுதியின் நிலமும் வேலையும் வெகுவாக மாறும்.

கடற்கரை எப்படி இருக்கும்?

திருச்செந்தூரிலிருந்து தெற்கே 20 கி.மீ.க்குள் மணப்பாடு. கடலுக்குள் நீண்டு போகும் ஒரு மணற்பாறைக் குன்று, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். மேலே நின்றால் ஒரு பக்கம் பாறையில் அலை அறைந்துகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் வளைந்து கிடக்கும் அமைதியான கரையில் படகுகள் நிற்கும். 1542ல் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. செப்டம்பர் 14 அன்று முடியும் திருவிழாவுக்கு ஊரே நிறைந்துவிடும்.

இன்னும் தெற்கே போனால் உவரி. கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும், புனித அந்தோனியார் திருத்தலமும், சுயம்புலிங்க சுவாமி கோயிலும் ஒரே கடற்கரையில் இருக்கின்றன. அங்கிருந்து கொஞ்சம் உள்ளே வந்தால் இடையன்குடி. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், 1841லிருந்து பல வருடங்கள் வாழ்ந்த ஊர். அவர் கட்டியெழுப்பிய ஆலயம் இன்னும் நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. மணப்பாடு பாறைப் பக்கம் அலை எப்போது தூக்கி அடிக்கும் என்று சொல்ல முடியாது. செல்ஃபிக்காகப் பாறை விளிம்புக்குப் போக வேண்டாம். குளிக்க நினைத்தால் எந்த இடம் சரி என்று ஊர் மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எப்போது போகலாம்? எப்படிப் போகலாம்?

* பருவம்: பதநீர் அதிகம் கிடைப்பது சித்திரை முதல் ஆனி வரை. ஆவணி வாக்கில் குறைந்துவிடும். பனியன் கம்பெனிகளுக்கு நீண்ட லீவு கிடைக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனால் பதநீரைப் பார்க்க முடியாது. தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைக்கும்.
* சாலை: தாராபுரம், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர் போய்விடலாம். 350 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. நின்று நிதானமாகப் போனால் ஏழெட்டு மணி நேரம்.
* ரயில்: கோவை - நாகர்கோவில் இரவு ரயில் திருப்பூர், ஈரோடு, கரூர், மதுரை வழியாகத் திருநெல்வேலி போகிறது. அங்கிருந்து திருச்செந்தூருக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு.
* நேரம்: பதநீருக்கு விடியற்காலைதான் சரி. எட்டு, ஒன்பது மணிக்குள் மரத்தடியில் இருக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி திருச்செந்தூரில் தங்கினால் ஞாயிறு காலை வசதி.
* கூட்டம்: புரட்டாசியில் குலசை முத்தாரம்மன் கோயில் தசரா நடக்கும் பத்து நாட்களில் வேடம் போட்ட பக்தர்களால் சாலைகள் நிரம்பும். தசராவைப் பார்க்க வேண்டும் என்றால் அப்போது போங்கள், அமைதியான கடல் வேண்டும் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

ஐரோப்பிய ஒயின் ஊர்களில் இருக்கும் மாதிரி டிக்கெட், கைடு, சுவைக்கும் அறை எதுவும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். சாலையோரம் பதநீர் விற்பவரிடம் நின்று, "அண்ணாச்சி, விடிலி பக்கத்துல இருக்கா, பாக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார்கள். ஓலையை மடித்துப் பட்டை செய்து அதில் பதநீர் ஊற்றித் தருவார்கள். நுங்குக் காலமாக இருந்தால் அதையும் அதிலேயே போடச் சொல்லலாம்.

எதை வாங்கலாம்? எதைக் கேட்கக் கூடாது?

கருப்பட்டி வாங்கும்போது ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அதற்குமேல் விறகு, பல மணி நேர உழைப்பு. அதனால் சீனி விலைக்குப் பக்கத்தில் யாராவது 'ஒரிஜினல் கருப்பட்டி' கொடுத்தால், அதில் பாதி சீனியாக இருக்க வாய்ப்பு அதிகம். சீனிப்பாகு கலந்த கருப்பட்டிதான் இந்தத் தொழிலுக்கு இன்று பெரிய எதிரி. நேர்மையாகக் காய்ச்சுபவரால் அந்த விலையோடு போட்டி போட முடியாது. முடிந்தவரை விடிலியிலேயே, காய்ச்சுபவர் கையிலிருந்தே வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். ஒரு டீ-ஷர்ட்டுக்குப் பத்து சென்ட் குறைக்கச் சொல்லும் பையரைப் பற்றித் திருப்பூரில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு விஷயம். "கள்ளு கிடைக்குமா?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது ஒரு ரீல்ஸ். போலீஸ் வந்தால் கேஸ் விழுவது ஏறுபவர் மேல். வழக்கமாகப் பதநீர் மட்டும் இறக்குபவர்கூட, வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து இப்படிக் கேட்டால், அடுத்த தடவை யாரையும் தோட்டத்துக்குள் விடமாட்டார். படம் எடுப்பதாக இருந்தால் அனுமதி கேட்டு எடுங்கள். மரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். அவருடைய கவனம் முழுக்கக் காலில் இருக்கும் தளைநாரிலும் கையில் இருக்கும் அரிவாளிலும் இருக்க வேண்டிய நேரம் அது.

இதனால் என்ன மாறும்?

ஒரு கார் ஊருக்குள் வந்து நாலு பட்டை பதநீர் குடித்து, இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கிப் போவதால் பனைத் தொழில் பிழைத்துவிடாது. கள் தடை நீங்கினாலும் நீங்காவிட்டாலும், ஏறும் வேலைக்குக் காப்பீடும், பருவம் இல்லாத மாதங்களுக்கு ஏதாவது வருமானமும், நல்ல ஏறுகருவியும் இல்லாமல் அடுத்த தலைமுறை மரத்தைத் தொடாது. அது அரசு செய்ய வேண்டிய வேலை.

ஆனால் விலை என்பது வாங்குபவர் கையிலும் இருக்கிறது. கலீசியாவில் கருங்கல் பந்தலுக்குக் கீழே இன்னும் ஒரு விவசாயி நிற்கிறார் என்றால், அந்த ஊர்ப் பெயருக்கு நியாயமான காசு கொடுக்க ஆள் இருப்பதும் ஒரு காரணம். உடன்குடிக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கான காசு விடிலி வரைக்கும் போய்ச் சேர்வதில்லை.

திருப்பூரில் உங்கள் பக்கத்து மெஷினிலோ, பக்கத்து கேபினிலோ தெற்கத்திக்காரர் ஒருவர் இருக்க வாய்ப்பு உண்டு. ஊர் உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை பக்கம் என்றால் கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ மரம் ஏறியிருக்கலாம். எந்தத் தோட்டத்தில் இன்னும் ஏறுகிறார்கள், எந்த விடிலியில் சீனி கலக்காமல் காய்ச்சுகிறார்கள் என்று கூகுள் மேப்பில் இல்லாத தகவல் அவரிடம் கிடைக்கும். சித்திரை பிறந்ததும், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.